உன் விண்கலமும் என் அரை மணி நேரமும்

என் அன்பு மகளுக்கு,

நாளைக் காலை ஒன்பது ஐந்து கொழும்பு பஸ்ஸின் கண்டக்டரிடம் இந்தப் பார்சலைக் கொடுத்துவிடுகிறேன். பன்னிரண்டரை போல நீ புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றால் போதும். எனக்குத் தெரிந்த பையன்தான், உன் நம்பரைப் பார்சலின் மேலேயே எழுதியிருக்கிறேன். உள்ளே உன் நாவலின் புரூப் தாள்கள் முழுவதும் இருக்கின்றன. எழுத்துப் பிழை பார்த்துக் கொடுங்கள், கதை எப்படி என்றும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். இரண்டையும் செய்திருக்கிறேன். மூன்றாவதாக, நீ கேட்காத ஒன்றையும் சொல்லப் போகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நின்றுபோன உன் கலியாணப் பேச்சைப் பற்றியது அது. அதில் நான் ஒரு பெரிய பிழை செய்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் மாய்ந்து மாய்ந்து எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்லும்போதே நீ "சரி அப்பா" என்று சொல்லிவிடுவாய். அந்தச் "சரி அப்பா"வைக் கேட்க இப்போது எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் கதை. உன் அம்மா என்னிடமிருந்து தாள்களைப் பறித்து ஒரே நாளில் படித்துவிட்டாள். அன்று பருப்பு அடிப்பிடித்தது, மத்தியானம் கடையில் வாங்கிய பாணும் சம்பலும்தான். படித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பையன் யாருன்னு எனக்குத் தெரியுங்க" என்றாள். நான் எட்டு நாள் எடுத்துக்கொண்டேன். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது என்று நீ சொல்லியிருந்தாய். அறுபத்து நாலு வயதுக்காரன் கையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒரு காதல் கதையை வாசிப்பது பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, மறுபடி வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம், வியாழன் கிரகத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு டைம்கீப்பர் வேலை கிடைத்திருக்கிறது என்றேன்.

நன்றாக இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ அழக் கூடாது. தாரணி என்கிற அந்தப் பெண் எனக்கு மிகவும் பிடித்துவிட்டாள். வியாழனைச் சுற்றுகிற பனிநிலவைத் தேடிப் போகும் கப்பலில் அவள் முதல் நாள் வாந்தி எடுப்பதும், பைக்குள் அடைத்த தேத்தண்ணீரை உறிஞ்சிவிட்டு "இதுக்குப் பேரு டீயா?" என்று முகம் சுளிப்பதும் நம் வீட்டுப் பிள்ளை செய்வதுதான். ஹந்தானை மலையில் சமிக்ஞை கேட்கும் நிலையம் ஒன்றைக் கட்டி, அதில் வேலை செய்கிற பையன் நிலவனின் காலில் அட்டை கடிக்க வைத்தாயே, அது நல்ல இடம். அவள் தூரம் போகப் போக இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சொல் போய்ச் சேர எடுக்கிற நேரம் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நீண்டுகொண்டே போகிறது. அவள் சிரித்தால் அவன் சிரிப்பது எப்போதோ. வாழ்நாள் முழுக்க நிமிடத்தோடு மல்லுக்கட்டிய நான் அந்த நிமிடங்களைத் தாளின் ஓரத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். கப்பல் செவ்வாயைத் தாண்டும்போது மற்றவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடுகிறார்கள், தாரணி மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

பிடிக்காததும் இருக்கிறது. அந்த நிலவன் நாலு பக்கத்துக்கு ஒருதரம் அழுகிறான். ஆம்பிளைப் பிள்ளை அழக் கூடாது என்று சொல்லவில்லை. இவ்வளவு அழுகிறவன் எப்போது வேலை செய்கிறான் என்றுதான் கேட்கிறேன். கண்ணைப் பற்றிய வருணனையை ஏழு இடத்தில் அடித்திருக்கிறேன், மூன்று போதும். கப்பல் புறப்படும் முன் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கை வைத்து நிற்கிற இடத்தை அம்மா இரண்டு தரம் படித்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் அதை அடிக்கவில்லை. என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாதது முடிவுதான். அவள் பதினொரு வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள், அவன் அதே மலையில் அதே கதிரையில் காத்திருக்கிறான். காத்திருப்பது அழகு என்று நீ எழுதியிருக்கிறாய். மகளே, நான் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்து, காத்திருக்கிறவர்களைப் பார்த்தவன். காத்திருப்பதில் அழகு ஒன்றும் கிடையாது, கால்வலிதான் உண்டு. வரும் என்று சொன்ன பஸ் வராதபோது அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். அதிலும், பஸ் ஓடாது என்று தெரிந்த ஒருவன் சொல்லாமல் டைம்கீப்பர் கூட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அது பாவம்.

பிழைகளுக்கு வருகிறேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஹந்தானைக்கு நேரே பஸ் விட்டிருக்கிறாய், அப்படி ஒன்று கிடையாது. இரண்டாவது, பதினோராம் அத்தியாயத்தில் சமிக்ஞை போய்ச் சேர இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதிவிட்டு, அவன் கேட்ட கேள்விக்கு இருபத்திரண்டாவது நிமிடத்தில் பதில் வரவைத்திருக்கிறாய். போக இருபத்திரண்டு, வர இருபத்திரண்டு, நாற்பத்து நாலாவது நிமிடத்தில்தான் பதில் வரும். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிற டீச்சருக்குக் காதல் வந்தால் கணக்கு மறந்துவிடுகிறது. இதை நான் கண்டுபிடித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் சந்தோஷம் மூன்று பக்கம்கூட நிலைக்கவில்லை. ஒரே கணக்கை இரண்டு தரம் போட வேண்டிய இடமும் உண்டு, ஒரு தரம் மட்டும் போட வேண்டியதை இரண்டு பேர் போட்டுக் கெடுத்த இடமும் உண்டு. இரண்டாவதைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.

முதல் பக்கத்திலேயே தாரணியின் வீடு நம் மஹய்யாவ என்று பளிச்சென்று போட்டிருக்கிறாய். பெருமையாகவும் இருந்தது, திக்கென்றும் இருந்தது. உன் தாத்தா இந்த நகரத்தின் வீதிகளைக் கூட்டியவர், அந்த வேலைக்காரருக்குக் கட்டிய வரிசை வீடுதான் நம்முடையது. எங்கள் விலாசத்தைப் பார்த்ததுமே முகத்தை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அதனால்தான் உன்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற படிவத்தில் மாமாவின் கட்டுகஸ்தோட்டை விலாசத்தை எழுதினேன். "நம்ம வீடு அங்க இல்லையே அப்பா?" என்று ஆறு வயதில் கேட்டாய். உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்று அதட்டினேன். நான் ஒளித்த விலாசத்தை நீ வியாழன் வரைக்கும் கொண்டுபோய் எழுதிவிட்டாய். அதில் கை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

எட்டாம் அத்தியாயத்தில் சூரிய கிரகணத்தன்று ஒரு சிறுமியை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். அது யார் என்று கேட்கத் தேவையில்லை. உனக்குப் பன்னிரண்டு வயது. எங்கிருந்தோ ஒரு எக்ஸ்ரே படத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகப் பார்த்தாய். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போனேன். கண்ணுக்குக் கெடுதல் என்பது சரிதான். ஆனால் அன்று நடந்த இன்னொன்றை இதுவரை உனக்குச் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்டில் பெரிய மரத்தடியில் நின்றேன். இலைகளுக்கு நடுவால் விழுகிற வெளிச்சப் புள்ளிகள் ஒவ்வொன்றும் நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி பிறையாக இருந்தன. தரை முழுக்க, பஸ்ஸின் கூரை முழுக்க, என் சட்டைக் கை முழுக்க ஆயிரம் சின்னப் பிறைகள். கண்டக்டர்மார்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சொல்லியிருந்தால் நீ இன்னும் அழுவாய் என்று சொல்லாமல் விட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், தடுத்தவனே பார்த்துவிட்டு வந்தான் என்று ஒத்துக்கொள்ள வெட்கம். பார், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் புதிது இல்லை.

இப்போது உன் கதையில் வருகிற தாரணியின் அப்பா. நிலையத்தின் நேரக் காப்பாளர் என்று ஒருவரைப் படைத்திருக்கிறாய். காலையில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு மலை ஏறி வந்து, இன்று சமிக்ஞைக்கு இத்தனை நிமிடம் என்று கரும்பலகையில் எழுதுகிறார். நடை, கண்ணாடி, காதில் செருகிய பேனா எல்லாம் நான்தான். கப்பலில் கோளாறு வந்ததும் மேலதிகாரிகள் அவரிடம், பெண் பயந்துவிடுவாள், உண்மையைச் சொல்லாதீர்கள் என்கிறார்கள். அவர் மறுத்துவிட்டு, "பிழையான நேரத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது" என்று சொல்லி மகளுக்கு உள்ளதை உள்ளபடி அனுப்புகிறார். நிலவன் எனக்குச் சிரிப்பு மூட்டினான், தாரணியில் என் பிள்ளையைப் பார்த்தேன், இந்த மனிதர் என்னைத் தூங்கவிடவில்லை. நீ என்னை அவ்வளவு நல்லவனாக நினைத்துக்கொண்டு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய். என்னைத் திட்டி எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நீ பிறந்தபோது நாட்டின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் மிச்சம் பிடிக்க என்று அரசாங்கம் தள்ளி வைத்தது. சில வருடம் அப்படித்தான் இருந்தோம். கந்தோரில் வேலைக்குப் புது நேரம், கோயில் பூசைக்குப் பழைய நேரம். என் கூட்டுக்கு முன்னால் வந்து நின்று, "பழைய டைமா, புது டைமா?" என்று தமிழிலும் சிங்களத்திலும் நாளெல்லாம் கேட்பார்கள். எனக்கு அது விளையாட்டு மாதிரி, எதைக் கேட்டாலும் மற்றதையும் சேர்த்துச் சொல்லுவேன். ஆஸ்பத்திரிச் சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பதுக்கு நீ பிறந்தாய் என்று தாதி வந்து சொன்னார். ஜாதகம் எழுதப் பழைய நேரம்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் அங்கேயே அரை மணியைக் கழித்து, பையிலிருந்த பஸ் ஓட்டத் தாளின் பின்பக்கத்தில் பத்து இருபது என்று எழுதினேன். பழைய நேரம் என்று பக்கத்தில் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிற திமிர். பிறகு ஜோசியரிடம் நேரத்தை வாயால் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வருடங்களில் எல்லாரும் புது நேரத்தைத்தான் சொல்லுவார்கள். அதனால் அவரும் தன் கடமையாக அரை மணியைக் கழித்திருக்கிறார். உன் ஜாதகக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒன்பது ஐம்பது என்று இருக்கிறது. இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னை அரை மணி முந்திப் பிறக்க வைத்துவிட்டோம்.

உனக்கு எட்டு வயதானபோது கடிகாரத்தைப் பழையபடி பின்னுக்கு வைத்தார்கள். கதிரையில் ஏறி நின்று நான் சுவர்க் கடிகார முள்ளைத் திருப்பும்போது நீ கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்பா, அந்த அரை மணி நேரம் எங்க போச்சு?" என்று கேட்டாய். எங்கேயும் போகவில்லை, வாங்கினதைத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்று சொன்னேன். உனக்கு அது போதவில்லை. ஒரு வாரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூட டீச்சரிடம், மாமாவிடம், பஸ் டிரைவரிடம் எல்லாம் கேட்டாய். நீ பௌதிகம் படித்ததும் இந்தக் கதை எழுதியதும் அந்தக் கேள்வியில் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் கோகுலனைப் பற்றி எங்களிடம் சொன்னாய். பேராதனையில் உன்னோடு படித்த பையன், யாழ்ப்பாணத்துக்காரர், அப்பா இல்லாத பிள்ளை. அவருடைய அம்மா பஸ் ஏறி நம் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று நம் வரிசை வீடுகளைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு காலமா இஞ்ச இருக்கிறியள், அண்ணை?" என்று கேட்டார். சாதாரணக் கேள்வி. என் காதில் அது சாதாரணமாக விழவில்லை. இந்த விலாசத்தை அளக்கிறார், நாளைக்கு என் பிள்ளையை அங்கே வைத்து ஒவ்வொரு நாளும் அளப்பார்கள் என்று எனக்குள் ஒன்று விறைத்துக்கொண்டது. அந்த அம்மா உன் அம்மாவோடு குசினியில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டதையும், போகும்போது உன் தலையைத் தடவியதையும் நான் பார்த்தேன். பார்த்தும் அந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

உன் ஜாதகத்தை அவர்கள் ஊரில் பார்த்தார்கள். ஏழில் செவ்வாய், கடுமையான தோஷம் என்றார்கள். அவருடைய அம்மா எனக்குப் போன் எடுத்தார். "எனக்குப் பிள்ளையில ஒரு குறையும் இல்லை, அண்ணை. இவன்ர அப்பா போன பிறகு ஒரு பயம், அவ்வளவுதான். நேரம் சரியோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். அன்றே அலுமாரியைத் திறந்து என் பழைய தாளையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பத்து இருபது, ஒன்பது ஐம்பது. முப்பது வருட டைம்கீப்பருக்கு நடந்தது என்ன என்று புரிய ஒரு வினாடி போதும். அடுத்த நாள் மாத்தளைக்குப் போய், யாருடையதோ என்று சொல்லி, முன்பின் தெரியாத ஜோசியர் ஒருவரிடம் பத்து இருபதுக்குக் கணிக்கச் சொன்னேன். லக்னம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், செவ்வாய் ஆறில் வரும், தோஷமே இல்லை என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நல்ல முடிவு எடுக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

மூன்றாம் நாள் அந்த அம்மாவுக்குப் போன் எடுத்து நான் சொன்னது இதுதான். "நான் டைம்கீப்பருங்க. நான் எழுதுன நேரம் ஒரு நாளும் தப்பாதுங்க." அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நான் எழுதிய நேரம் சரியானதுதான், கொப்பியில் இருந்ததுதான் பிழை. உண்மையை வைத்தே ஒருவரை ஏமாற்றலாம் என்று அன்று கற்றுக்கொண்டேன். அந்த அம்மா, "சரி அண்ணை, கடவுள் விட்ட வழி" என்று போனை வைத்துவிட்டார். உன்னிடம் வந்து, கிரகம் சரியில்லை, அப்பா என்ன செய்ய முடியும் என்றேன். உனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவருடைய அம்மா வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டிருப்பாரே என்று நினைத்து நீயும் கோகுலனும் ஒதுங்கிக்கொண்டீர்கள். என் முகத்தைப் பார்த்து "சரி அப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் உன் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தாய். கோபப்படவே இல்லை. நீ சண்டை போட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை, உன் தலையில் போட மாட்டேன். சொல்லியிருக்க மாட்டேன்.

சாத்திரம் உண்மையா பொய்யா என்று நான் வாதாட வரவில்லை. உனக்கு அது தேவைப்படாது, அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது. ஒருவருடைய பயத்தைத் தீர்க்கிற தாள் என் கையில் இருந்தது, நான் அதை மடித்து அலுமாரியில் வைத்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். காப்பாற்றியது என் ரோசத்தை. வயதான பிறகு பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஆசை வருகிறது, அதனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கத் தேவையான விபரம் உன் கையில் இருந்தால், அது உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கொடுத்துவிடு. உன் வகுப்புப் பிள்ளைகள் விஷயத்திலும் சரி, நாளைக்கு உன் பிள்ளைகள் விஷயத்திலும் சரி. அவர்களுக்கு நல்லது எது என்று நமக்குத் தெரியும் என்கிற நினைப்பு வரும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும்.

போன மாதம் கோகுலனைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நடை போகாவிட்டால் எனக்குச் சரிவராது. ஒரு வேலையாகப் பேராதனைக்கு வந்துவிட்டு யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கண்டும் காணாமல் போயிருக்கலாம், அவராகவே வந்து, "எப்பிடி இருக்கிறியள், ஐயா?" என்று கேட்டார். எந்த பஸ் முதலில் போகும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்றெல்லாம் சொன்னேன். வேறு என்ன பேச? பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னலால் எட்டி, "அவ இன்னும் எழுதுறாவோ?" என்று மட்டும் கேட்டார். எழுதுறா தம்பி என்றேன். சந்தோஷம் என்று தலையாட்டினார். இன்னும் கலியாணம் முடிக்கவில்லை என்று அவருடைய ஊர்க்காரரான கண்டக்டரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று யோசிக்காமலே கேட்டுவிட்டேன். பஸ் நேரத்துக்குப் போனது. நான் மட்டும் அந்த இடத்திலேயே நின்றேன், உன் நாவல் அதற்கு அடுத்த வாரம் வந்தது.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "மூணு வருஷமா எம்புள்ள சிரிக்கிறப்ப எல்லாம் நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க" என்றாள். பிறகு, "மொதல்ல அவளுக்கு எழுதுங்க. மத்தவங்க அப்புறம்" என்றாள். இன்று காலையில் எனக்குத் தேத்தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. அது நியாயம்தான். அவள் சொன்னபடி வேறு யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. கோகுலனின் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் பரபரக்கிறது. ஆனால் உன்னைக் கேட்காமல் ஒருதரம் முடிவெடுத்தேன், மறுபடியும் அப்படிச் செய்ய மாட்டேன். உனக்கு இப்போது அந்த எண்ணமே இல்லாமல் இருக்கலாம். இனி வேண்டாம் என்றாலும் அது உன் முடிவு. போய்ச் சொல்லுங்கள் என்றால் அடுத்த யாழ்ப்பாண பஸ்ஸில் நான் இருப்பேன், அந்த அம்மாவின் முன்னால் நின்று என் வாயாலேயே சொல்லுவேன். நீ என்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருக்க நினைத்தால் அதற்கும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன், "சரி அப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் கதையில் தாரணி ஓரிடத்தில் சொல்கிறாள், அனுப்பிய சொல்லை நடுவழியில் பிடித்துத் திருப்ப முடியாது என்று. பார்சல் பஸ்ஸில் ஏறிவிட்டால் எனக்கும் அப்படித்தான். அது கடுகண்ணாவ இறக்கம் இறங்கும்போது நான் இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியாகப் புரூப்பில் ஒரு திருத்தம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் முன் இதைக் கட்டாயம் பார். சமர்ப்பணப் பக்கத்தில் "ஒரு நாளும் நேரம் தவறாத என் அப்பாவுக்கு" என்று போட்டிருக்கிறாய். அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறேன். அதற்குப் பதிலாக என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, வெறுமையாக விட்டாலும் சரிதான். அந்தப் பக்கத்தோடு ஒரு பழைய தாளை ஊசியால் குத்தி வைத்திருக்கிறேன். முன்பக்கம் பஸ் ஓட்டங்கள். பின்பக்கம் என் கையெழுத்தில் பத்து இருபது. எட்டு வயதில் ஒரு வாரமாக எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தாயே, அந்த அரை மணி நேரம் எங்கே போனது என்று. அது என்னிடம்தான் இருந்தது, மகளே. இப்போது அனுப்பியிருக்கிறேன்.

உன் அப்பா